சித்தியின் வாயை அடைத்த கதை

காலை பத்தரை மணிக்கு, மச்சானின் பரீட்சைக்கு மூன்றரை மணி நேரம் இருக்கும்போது, அவன் கணினியின் குரலை நான் பறித்தேன். கைதவறிவிட்டது என்று சொல்லித் தப்ப வழியில்லை. கணினி மரியாதையாகத்தான் கேட்டது: பதினான்கு நிரல் பேக்கேஜ்களை நீக்கப் போகிறேன், தொடரட்டுமா? கீழே பதினான்கின் பெயரும் இருந்தது. நான் படிக்கவில்லை. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை யார் படிக்கிறார்கள்? ஆம் என்று அடித்தேன்.

அதுவரை அறையில் ஒரு கொசு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அது கொசு இல்லை, சித்தி. திரையில் உள்ளதையெல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரலுக்கு மச்சான் வைத்த பெயர். நமக்கெல்லாம் கொசு சத்தமாகக் கேட்கும் வேகத்தில் அவள் படிப்பாள். அவனுக்கு அது ஒவ்வொரு சொல்லும் தெளிவான பேச்சு. மச்சானுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவன் மேஜையில் ஒரு கணினிப் பெட்டி, ஒரு விசைப்பலகை, இரண்டு ஸ்பீக்கர். திரை கிடையாது. அவனுக்கு எதற்குத் திரை? நான் ‘ரிப்பேர்’ பார்க்க வரும்போதெல்லாம் என் வீட்டுத் திரையைப் போர்வையில் சுற்றி, நோயாளியைத் தூக்கி வருவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவேன்.

சித்தி ஒரு சொல்லின் பாதியில் நின்றாள். அறை முழுக்க அமைதி. மச்சான் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டான்.

“மாப்ள, செத்தது அதுவா, நீயா?”

“ஒரு நிமிஷம் மச்சான். ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லை என்று நான் சொன்ன அந்த நேரத்தில் உண்மையிலேயே ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. பழைய ஒலி நிரல் போய்விட்டது. புதிய ஒலி நிரல் வந்து உட்கார்ந்திருந்தது, பேசத் தெரியாமல்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். மொழிபெயர்ப்பாளன். துவைக்கும் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம், தலைமுடி உலர்த்தும் இயந்திரம் ஆகியவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழில் எழுதுவது அவன் தொழில். யாரும் படிக்காததை எழுதுவதில் தனக்கும் கவிஞர்களுக்கும் வித்தியாசமில்லை, தன்னுடையதில் மட்டும் வாரண்டி அட்டை இருக்கிறது என்பான். பதினோரு வருடம் வீட்டிலிருந்து உதிரி வேலையாகச் செய்துகொண்டிருந்தவனை, நிறுவனம் இப்போது தலைமைச் சரிபார்ப்பாளர் பதவிக்குப் பரிசீலித்தது. மற்றவர்கள் எழுதுவதை இவன் திருத்த வேண்டும். அங்கிருந்த ஒரு மேலாளருக்குச் சந்தேகம். கண் தெரியாதவர் அடுத்தவர் பக்கத்தை எப்படிச் சரிபார்ப்பார், வீட்டில் யாராவது ஒத்தாசை செய்கிறார்களோ என்று நாசூக்காகக் கேட்டிருக்கிறார். அதனால் பரீட்சைக்கு ஒரு நிபந்தனை: சொந்தக் கணினியில், கேமரா முன்னால், தனியாக. மதியம் இரண்டு மணி.

மூன்று மாதமாக அதற்குத் தயாரானான். எனக்கு அதில் எந்த வேலையும் இல்லை. அதனால்தான் வந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடைத் தராசுகளைச் சோதிக்கும் எடையளவு ஆய்வாளர் நான். அடுத்தவன் தராசில் ஐந்து கிராம் பிசகினாலும் ஆயிரம் கேள்வி கேட்பேன். வீட்டில் நான் வேறு ஆள். பல் துலக்குவதற்கு முன்னால் கணினிச் செய்தி படிப்பவன். எந்த இயங்குதளத்தில் ஓட்டை விழுந்தது, எந்த உலாவி தன் பொத்தான்களை வட்டமாக்கியது, எந்த நிரலை எழுதியவர் கோபித்துக்கொண்டு ஆடு மேய்க்கப் போனார், எல்லாம் எனக்கு அத்துப்படி. ‘எங்கேயோ யாரோட கம்ப்யூட்டர் மெமரியோ ஒழுகுறது தெரியுது, குளியலறைக் குழாய் ஒழுகுறது தெரியல’ என்பது என் மனைவியின் நிரந்தர விமர்சனம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மச்சான் பயன்படுத்திய பழைய திரைவாசிப்பானை அதன் நிறுவனம் கைவிட்டபோது, நான்தான் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கொண்டுவந்து போட்டேன். கட்டற்ற மென்பொருள், எந்த நிறுவனத்துக்கும் அடிமையில்லை, நீயே ராஜா, உன் கணினி உனக்கு என்று அரை மணி நேரம் பிரசங்கம் வேறு செய்தேன். அதன் பிறகு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து எதையாவது மேம்படுத்துவேன். சிஸ்டம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். அவன் ஒரு முறைகூட நேராகப் பதில் சொன்னதில்லை. ‘என் தங்கச்சி புருஷன்கிட்ட கேளு’ என்பான். அவன் தங்கச்சி புருஷன் நான்தான்.

அன்று காலை படித்த செய்தி இது: புதிய ஒலி நிரல் வந்தாகிவிட்டது, பழையதற்கு விடைகொடுக்கும் நேரம், குரல் கால் வினாடி சீக்கிரம் வரும். கீழே முந்நூற்று நாற்பது பின்னூட்டங்கள். அதில் முந்நூறு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு முக்கியமான செய்தி என்பது என் கணக்கு. பரீட்சை நாளில் மச்சானுக்குக் கால் வினாடி லாபம் என்று நினைத்தேன். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, திரையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பதினொன்றே காலுக்குள் கணினியை நான்கு முறை அணைத்துப் போட்டேன். அது எந்த நோய்க்கும் முதல் மருந்து. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகினேன். ஸ்பீக்கரைத் தட்டினேன். விஷயம் தெரிந்தவன்தான் நான், ஆனாலும் தட்டினேன். மச்சான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கைபேசியில் எதையோ தடவிக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் தள்ளு மாப்ள, நான் பாக்குறேன்.”

“இரு மச்சான், இது கொஞ்சம் சிக்கலான விஷயம்.”

அவன் இருந்தான்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வீட்டுத் தொலைபேசியில் மனைவியின் அழைப்பு. அவள் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று ஓட்டுநர்களிடம் கேட்டுக் கேட்டு, பொய்யை அதன் வாசனையிலேயே பிடிப்பாள். அண்ணனுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள். நான் எடுத்ததும் குரல் மாறிவிட்டது. நீங்கள் ஏன் அங்கே இருக்கிறீர்கள் என்றாள். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். கணினியில் கை வைத்தீர்களா என்றாள். கை வைப்பது என்பதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றேன். எதிர்முனையில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. பிறகு அவள், ரொம்ப மெதுவாக, இரண்டு மணிக்குள் அது பேசாவிட்டால் நீங்களும் வீட்டில் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் இணைய மன்றத்தில் கேள்வியைப் போட்டேன். கட்டற்ற உலகத்தின் பெருமையே அதன் மன்றங்கள்தான். உலகமெங்கும் இருந்து முகம் தெரியாதவர்கள் ஓடி வந்து உதவுவார்கள். ஓடித்தான் வந்தார்கள். முதல் ஆள் எந்தப் பதிப்பு என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவரைக் காணோம். இரண்டாமவர், இதை ஒன்பது வருடத்துக்கு முன்பே பேசியாகிவிட்டது, தேடிப் பார்க்காமல் கேட்பது அநாகரிகம் என்று ஒரு சுட்டி கொடுத்தார். போய்ப் பார்த்தேன். அன்றைக்கு வந்த ஏதோ நிரலைப் பற்றி, என் கேள்வியேதான். கடைசியில் கேட்டவரே எழுதியிருந்தார்: ‘சரியாகிவிட்டது, நன்றி.’ எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதர் எங்கிருந்தாலும் அவர் வீட்டுக் குழாயும் ஒழுகட்டும். மூன்றாமவர், எனக்கு நன்றாக வேலை செய்கிறதே என்றார். நல்லது. நான்காமவர் கேட்டதுதான் உச்சம்: ஒலி இல்லாவிட்டால் என்ன, திரையில் எழுத்து தெரிகிறதல்லவா, அதைப் படிக்க வேண்டியதுதானே? ஐந்தாமவர் வேறு இயங்குதளத்துக்கு மாறச் சொன்னார். ஆறாமவர் ஐந்தாமவரைத் திட்டினார். ஏழாவது ஆள் வந்தபோது சண்டை எட்டு வருடத்துக்கு முன்னால் யார் யாரை என்ன சொன்னார்கள் என்ற இடத்துக்குப் போய்விட்டது. பன்னிரண்டரை மணிக்கு என் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அங்கே விடை கிடைத்திருந்தது.

மச்சான் எழுந்து போய் முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பொத்தானைப் போடும் விரல்கள் வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தன. ஒரு பொத்தானை மாற்றிப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டான். இத்தனை வருடத்தில் அவன் பொத்தானைத் தவறாகப் போட்டு நான் பார்த்ததில்லை.

தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டால் என்ன என்றேன். கேட்கலாம், கணினி வேலை செய்யவில்லை என்று சொன்னால் அந்த மேலாளர் ரொம்ப சந்தோஷப்படுவார் என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தேடுவதை நான் விடவில்லை. ஒரு மணிக்கு, எங்கோ மூலையில், பார்வையற்ற கணினிப் பயனர்களின் மின்னஞ்சல் மடற்குழு ஒன்றின் பழைய கடிதங்கள் அகப்பட்டன. இரண்டு மாதத்துக்கு முந்தைய கடிதம். எவனோ ஒருவனுக்கு என் வியாதியேதான். புதிய ஒலி நிரலின் சோதனைப் பதிப்பைப் போட்டான், திரைவாசிப்பான் ஊமையாகிவிட்டது. கீழே ஒரு பதில். வரவேற்பு இல்லை, உபதேசம் இல்லை, எந்தப் பதிப்பு என்ற கேள்வி இல்லை. ‘குரலுக்குச் சேவை செய்யும் நிரல் இன்னும் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் புதுக் கதவைக் காட்ட வேண்டும். நான்கு கட்டளைகள்.’ பிறகு நான்கு கட்டளைகள். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று ஒரு வரி. தவறினால் எப்படித் திரும்புவது என்று ஒரு வரி. என் கண்ணில் தண்ணீர் வராத குறை.

“மச்சான், கிடைச்சுருச்சு. என்னமா எழுதியிருக்கான் பாரு. இவன்தான் மனுஷன். இவன் கால்ல விழலாம்.”

“விழு.”

“ஏன்?”

“அது நான் எழுதினது.”

நான் திரும்பவும் திரையைப் பார்த்தேன். கையெழுத்துக்குப் பதில் அடியில் ‘சித்தி மகன்’ என்று இருந்தது. அதற்கு மேல் துப்பறிய எதுவும் இல்லை.

நான் கேட்டேன், இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால், காலையிலிருந்து ஏன் சொல்லவில்லை? தள்ளு என்று மூன்று தடவை சொன்னேன் என்றான். ஒரு தடவை மட்டும்தான் என் காதில் விழுந்தது. மற்ற இரண்டு தடவையும் நான் மன்றத்துச் சண்டையில் மூழ்கியிருந்திருக்கிறேன்.

“சரி, கட்டளையைச் சொல்லலாம்ல? நான் அடிச்சிருப்பேன்ல?”

“நீ அடிச்சுதானே இந்தக் கதி.”

நியாயம். பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான், கோபமில்லாமல், கையேட்டில் ஒரு வரியைத் திருத்துவது போல. அந்த நான்கு கட்டளைகளையும் அவன் தன் கணினியில் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. போட முடியாது. கணினியில் எதை மாற்றவும் நிர்வாகி கடவுச்சொல் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது. அந்த ஊமைக் கணினிக்காரன் வேறு ஏதோ தேசத்தில் இருந்தான். இவன் கடிதத்தில் சொல்லச் சொல்ல அவன் அங்கே அடித்து, நடந்ததை எழுத, ஒன்பது நாளில் கண்டுபிடித்தார்கள். இந்த மாதிரி இருபது, இருபத்தைந்து பேருக்குச் செய்திருக்கிறான். கடல் தாண்டி ஊரார் வீட்டுப் பூட்டையெல்லாம் திறந்துகொடுத்தவனுக்குத் தன் வீட்டுச் சாவி கிடையாது. சாவி என் சட்டைப் பையில். ஆறு வருடமாக. பாதுகாப்புக்காக என்று நானே முடிவு செய்து, நானே வைத்துக்கொண்டது.

ஒரு மணி இருபது நிமிடம்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவன் வந்து உட்கார்ந்தான். விசைப்பலகையில் இடம் காட்டும் இரண்டு சிறு மேடுகளை விரல் தேடிக் கண்டுபிடித்தது. பாஸ்வேர்டு சொல்லு என்றான்.

சொல்லியாக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“விடுதலை. ஆங்கில எழுத்துல. சின்ன எழுத்து. கடைசியில ஒண்ணு.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு நாற்காலியும் குலுங்கியது. நானும் சிரித்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்குக் காது சுட்டது.

கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. ஒரு புள்ளிகூட நகராது. கணினிக்கு முன்னால் அவனுக்கும் எனக்கும் பார்வை சமமாக இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். அதைத் தாண்டியதும் என் வேலை ஆரம்பித்தது. சித்தி இல்லாததால் நான்தான் சித்தி. அவன் அடிப்பான், திரையில் வருவதை நான் வாசிக்க வேண்டும்.

சுலபமான வேலை என்று நினைத்தேன். முதல் வரியே தகராறு. ஒரு எச்சரிக்கை மாதிரி வருகிறது மச்சான், ஆனால் பயப்பட வேண்டாம், இது வழக்கமாக வருவதுதான் என்றேன்.

“மாப்ள, கருத்து வேணாம். என்ன எழுதியிருக்கோ அத மட்டும் படி.”

படித்தேன். முக்கியமில்லாதது என்று ஒரு வரியை விட்டுவிட்டேன். ஏதோ விட்டாய், வாயில் ஒரு தாவல் கேட்டது என்றான். விட்டதைப் படித்தேன். அந்த வரியில்தான் விஷயம் இருந்தது: குரல் சேவை எந்தக் கோப்பிலிருந்து தன் அமைப்பை எடுக்கிறது என்ற முகவரி. அது அவன் கடிதத்தில் இருந்த முகவரி இல்லை, இந்தக் கணினியில் வேறு இடம். ஏனென்றால் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எதையோ மேம்படுத்தியபோது அதை இடம் மாற்றியிருக்கிறேன். அவன் முகவரியைத் திரும்பப் படிக்கச் சொன்னான், எழுத்தெழுத்தாக. புள்ளி, சாய்கோடு, அடிக்கோடு உட்பட. இன்னும் வேகமாக என்றான். எனக்குத் தெரிந்த வேகத்தில் படித்தேன். இது வேகமில்லை, தாலாட்டு என்றான்.

இருபது நிமிடம் அப்படிப் படித்தேன். நினைத்ததைச் சொல்லாமல், அர்த்தம் சொல்லாமல், தைரியம் சொல்லாமல், இருப்பதை இருக்கிறபடி. தராசு முன்னால் நின்று பன்னிரண்டு வருடமாக நான் செய்யும் உத்தியோகமும் அதேதான். அதை மச்சான் வீட்டில் செய்ய வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது கட்டளை முடிந்ததும் கணினியை அணைத்துப் போட்டான். ஒன்று நாற்பத்தாறு. மின்விசிறி சுற்றும் சத்தம். பெட்டியில் ஒரு விளக்கு எரிந்தது. அது அவனுக்குத் தெரியாது. எரிகிறது என்று நானும் சொல்லவில்லை. இருவரும் ஸ்பீக்கரையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொசு வந்தது.

அவன் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு மூச்சு விட்டான். வாங்க சித்தி என்றான். உடனே என்னைப் பார்த்து, அதாவது என் பக்கம் திரும்பி, திரையையும் என்னையும் அறையைவிட்டு எடுத்துப் போகச் சொன்னான். கேமராவில் இரண்டாவது ஆள் தெரிந்தால் மேலாளரின் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிடும்.

சமையலறையில், மடியில் போர்வை சுற்றிய திரையோடு, ஒரு முக்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் முக்காலி கிறீச்சிடும், அதனால் எழவில்லை. மூடிய கதவின் வழியாகச் சித்தியின் ரீங்காரம் கேட்டது. அவ்வப்போது ஒரு பெண் தேர்வாளரின் குரல், மச்சானின் பதில். தொடக்கத்தில் அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஒரு கேள்விக்கு அவன் பதிலே சொல்லாததுபோல் பட்டது. பிறகு விசைகளின் சத்தம் சீரானது, மழை நிலைத்துப் பெய்வதுபோல. ஒரு முறை தேர்வாளர் சிரித்தது கேட்டது. நல்ல சிரிப்பா, மற்ற சிரிப்பா என்று கதவு வழியாகத் தெரியவில்லை. மனைவி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: பேசுகிறதா? பேசுகிறது, உன் அண்ணன்தான் சரிசெய்தான், கெடுத்தது நான் என்று எழுதி அனுப்பினேன். பிறகு ஒரு சொல் வந்தது: ‘தெரியும்.’

மூன்றரைக்குக் கதவு திறந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தான். முடிவு வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். நான் தேநீர் போட்டேன். அது ஒன்றைத்தான் நான் மேம்படுத்தாமல் போடுவேன். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, என்னால் ஏதாவது கெட்டுப்போனதா என்று கேட்டேன்.

வழக்கமான கேலி ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதல் பத்து நிமிடம் போய்விட்டது என்றான். சித்தி திரும்ப நின்றுவிடுவாளோ என்று காது அதிலேயே இருந்தது, இரண்டு கேள்வி விட்டுப்போனது, அது உன்னால்தான் என்றும் சொன்னான். மீதி முப்பத்தெட்டும் எழுதினான். வேலை கிடைக்கும் என்றுதான் நினைக்கிறான்.

மன்னிப்புக் கேட்டேன். அவன் தேநீரைக் குடித்தான். கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் ஆறு வருடமாக உள்ளே வைத்திருந்த கேள்வி, அன்று வெளியே வந்துவிட்டது.

“உண்மையச் சொல்லு மச்சான். இத்தனை வருஷத்துல நான் வந்து பண்ணதுல ஒண்ணாவது உனக்கு உதவியா இருந்துச்சா?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். விரல் விட்டு எண்ணினான். இரண்டு விரலோடு நிறுத்திக்கொண்டான்.

“ரெண்டு. முதல் நாள் இதப் போட்டுக் குடுத்தது ஒண்ணு. இன்னிக்கு இருபது நிமிஷம் உள்ளத உள்ளபடி படிச்சது ஒண்ணு. மத்ததெல்லாம் மாப்ள, உன்ன நோண்ட விட்டு நான் உனக்குப் பண்ண உதவி.”